கடைப் பொருளுக்குப் பதிலாக வீட்டிலேயே: எதைச் செய்யலாம், எதைக் கடைக்கே விட்டுவிடலாம்

கடையில் வாங்கிய ஏதாவது ஒரு டப்பாவைத் திருப்பி, பின்னால் பொடி எழுத்தில் இருக்கும் பட்டியலைப் படித்துப் பாருங்கள். முதல் இரண்டு மூன்று பெயர்கள்தான் உண்மையில் அந்தப் பொருள். அதற்கப்புறம் வருபவையெல்லாம் பெரும்பாலும் அது பிரியாமல் இருக்க, கட்டி தட்டாமல் இருக்க, நிறம் மங்காமல் இருக்க, பூஞ்சை பிடிக்காமல் இருக்கச் சேர்த்தவை. தொழிற்சாலையிலிருந்து கிளம்பி, கிடங்கில் கிடந்து, கடை அலமாரியில் மாதக்கணக்கில் உட்கார்ந்து, நம் வீட்டுக்கு வந்தும் இன்னும் சில மாதம் தாக்குப்பிடிக்க வேண்டுமே, அதற்கான ஏற்பாடு அது. அவையெல்லாம் விஷம் என்று பயமுறுத்துகிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. ஆனால் இன்று செய்து அடுத்த வாரத்துக்குள் தீர்த்துவிடப் போகிற பொருளுக்கு அந்த ஏற்பாடு எதற்கு? வீட்டில் செய்வதன் லாபமும் இதுதான், நிபந்தனையும் இதுதான். ஆயுளை விட்டுக்கொடுக்கிறோம், அதனால் கொஞ்சமாகச் செய்து சீக்கிரம் தீர்க்க வேண்டும்.

எது எத்தனை நாள் தாங்கும் என்பதற்கு ஒரு எளிய கேள்வி இருக்கிறது: இதில் தண்ணீர் இருக்கிறதா? பாக்டீரியாவும் பூஞ்சையும் வளரத் தண்ணீர் வேண்டும். எண்ணெயும் மெழுகும் மட்டும் சேர்ந்த களிம்பு, உலர்ந்த பொடி, இவை மாதக்கணக்கில் தாங்கும். தண்ணீர் சேர்ந்துவிட்டால், அதோடு நிறைய உப்போ புளிப்போ சர்க்கரையோ இருக்க வேண்டும், இல்லையென்றால் ஃப்ரிட்ஜும் சில நாள் கெடுவும்தான். இணையத்தில் எந்தச் செய்முறையைப் பார்த்தாலும் இந்தக் கேள்வியை முதலில் கேளுங்கள். கற்றாழை, ரோஜா நீர் எல்லாம் சேர்த்து "ஆறு மாதம் வெளியிலேயே வைத்துக்கொள்ளலாம்" என்று யாராவது எழுதியிருந்தால் அங்கேயே மூடிவிடலாம்.

சாப்பாட்டுப் பொருள்களில் எங்கே தொடங்குவது

வேர்க்கடலை வெண்ணெயில் தொடங்குங்கள். கெடுப்பதற்கு அதில் எதுவுமே இல்லை. அரை கிலோ வேர்க்கடலையை எடுத்துக்கொண்டு முதலில் பொறுக்குங்கள். சுருங்கியது, கறுத்தது, பூஞ்சை பூத்தது எல்லாம் குப்பைக்கு. இதில் சிக்கனம் பார்க்கக் கூடாது, ஏனென்றால் கடலையில் வளரும் ஒருவகைப் பூஞ்சை அஃப்லாடாக்சின் என்ற நஞ்சை உண்டாக்கும், வறுத்தாலும் அது முழுசாகப் போகாது. மிச்சத்தை அடுப்பில் மெதுவான தீயில், கை எடுக்காமல் கிளறி, தோல் தானாக உரியும்வரை வறுங்கள். ஓவன் இருந்தால் 175 டிகிரியில் பத்துப் பன்னிரண்டு நிமிடம். தோலை ஊதிவிட்டு, வெதுவெதுப்பாக இருக்கும்போதே மிக்ஸியில் போடுங்கள். சூடு இருந்தால் எண்ணெய் சீக்கிரம் விடும்.

இங்கேதான் பலர் பாதியில் நிறுத்துகிறார்கள். முதலில் பொடியாகும். அப்புறம் ஈர மணல் மாதிரி ஓரத்தில் அப்பிக்கொள்ளும். அதற்கப்புறம் உருண்டையாகத் திரண்டு பிளேடைச் சுற்றி அடிக்கும், சத்தமே மாறிவிடும். "சரி, இது ஆகாது, கொஞ்சம் தண்ணீர் விடலாம்" என்று தோன்றும் இடம் இதுதான். தண்ணீர் விட்டால் எல்லாம் இறுகிப் பிசினாகிவிடும், ஆயுளும் போய்விடும். மிக்ஸி சூடாகிவிட்டால் நிறுத்தி ஆறவிட்டு, ஓரத்தை வழித்துவிட்டு, மறுபடி ஓட்டுங்கள். கடலையின் எடையில் கிட்டத்தட்டப் பாதி எண்ணெய், அது வெளியே வந்தே தீரும். வந்ததும் அந்த உருண்டை திடீரென்று இளகி, பளபளவென்று வழியத் தொடங்கும். ஒரு சிட்டிகை உப்பு போதும். தேன் வேண்டுமென்றால் சாப்பிடும்போது ரொட்டியின்மேல் விட்டுக்கொள்ளுங்கள். தேனிலும் தண்ணீர் இருப்பதால் அதை மிக்ஸியிலேயே ஊற்றினால் அதே இறுக்கம்தான் வரும்.

கடை டப்பாவில் மேலே எண்ணெய் மிதப்பதில்லையே, நம்முடையதில் மட்டும் ஏன் மிதக்கிறது என்றால், அவர்கள் கெட்டிப்படுத்திய தாவர எண்ணெயைக் கொஞ்சம் சேர்த்துப் பிரியாமல் வைக்கிறார்கள். நாம் பாட்டிலைத் தலைகீழாக வைத்துவிட்டால் போதும், திறக்கும்போது பாதிக் கலக்கல் வேலை முடிந்திருக்கும். ஃப்ரிட்ஜில் வைத்தால் பிரிவதும் குறையும், சிக்கு வாடை வருவதும் தள்ளிப்போகும். பாதாம், முந்திரி, எள் எல்லாவற்றுக்கும் இதே வழி. பாதாமுக்கு மட்டும் பொறுமை கூடுதலாக வேண்டும்.

அடுத்தது வெண்ணெய். 35 சதவீதம் கொழுப்புள்ள கிரீம் ஒரு லிட்டர் எடுத்தால் தோராயமாக 400 கிராம் வெண்ணெய் கிடைக்கும். கிரீம் குளிர்ச்சியாக இருக்கட்டும், ஆனால் ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த அந்த நிமிடத்துக் குளிர்ச்சி வேண்டாம், கொஞ்ச நேரம் வெளியே இருந்தது நல்லது. அடித்துக்கொண்டே இருந்தால் முதலில் நுரைத்துப் பொங்கும், அப்புறம் மஞ்சள் தட்டிச் சொரசொரப்பாகும், பிறகு ஒரே நொடியில் பிரிந்து நீர் சளப்பென்று தெறிக்கும். துணி போட்டு மூடிக்கொள்வது நல்லது, சுவரெல்லாம் துடைக்க வேண்டியிருக்காது. மோரை வடித்துத் தனியே வையுங்கள், மாவு பிசைய அருமையாக இருக்கும். இதற்கப்புறம் உள்ள வேலையை யாரும் விடக் கூடாது: வெண்ணெயைக் குளிர்ந்த தண்ணீரில் போட்டுப் பிசைந்து, தண்ணீரை மாற்றி, மறுபடி பிசைந்து, தண்ணீர் கலங்காமல் தெளிவாக நிற்கும்வரை கழுவ வேண்டும். உள்ளே தங்குகிற மோர்தான் வெண்ணெயை முதலில் கெடுக்கும். கழுவாத வெண்ணெய் சில நாளிலேயே புளித்துவிடும், நன்றாகக் கழுவி, ஒன்றரை சதவீதம் உப்பும் பிசைந்தது ஃப்ரிட்ஜில் வாரக்கணக்கில் நிற்கும்.

தயிர் தோய்ப்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான், அதனால் சுருக்கமாக. கடைத் தயிர் கெட்டியாக இருக்கிறதே என்பவர்களுக்கு ஒரே ரகசியம், பாலை 85 டிகிரி அளவுக்குச் சூடாக்கிச் சில நிமிடம் அங்கேயே வைத்திருப்பது. பாலின் ஒரு புரதம் அந்தச் சூட்டில் மடிப்பு அவிழ்ந்து மற்றதோடு ஒட்டிக்கொள்கிறது, அதனால் தயிர் தண்ணீர் விடாமல் இறுகும். பிறகு 43 - 45 டிகிரிக்கு ஆறவிட்டு, லிட்டருக்கு ஒரு மேசைக்கரண்டி உறை. இன்னும் கெட்டி வேண்டுமென்றால் தோய்ந்த பிறகு மெல்லிய பருத்தித் துணியில் கட்டி, ஃப்ரிட்ஜுக்குள் வடியவிடுங்கள். சில கடைத் தயிர்களில் இந்தக் கெட்டித்தன்மைக்கு மாவுச்சத்தும் ஜெலட்டினும் சேர்க்கிறார்கள்.

சின்னச் சின்ன விஷயங்கள் சில. பேக்கிங் பவுடர் தீர்ந்துபோனால் சமையல் சோடா ஒரு பங்கு, கிரீம் ஆஃப் டார்ட்டர் என்ற புளிப்புப் பொடி இரண்டு பங்கு, சோளமாவு (கார்ன்ஃப்ளோர் என்று விற்கும் வெள்ளை மாவு) ஒரு பங்கு. சோளமாவு ஈரத்தை உறிஞ்சி மற்ற இரண்டையும் பிரித்து வைக்கிறது. இது ஈரம் பட்டதுமே பொங்கத் தொடங்கும், எனவே மாவு கலந்தவுடன் ஓவனுக்குள் போக வேண்டும். ஐசிங் சர்க்கரை என்பது பொடித்த சர்க்கரையும் ஒரு ஸ்பூன் சோளமாவும்தான். பிரெட் தூள் காய்ந்த ரொட்டி, அவ்வளவே. இதையெல்லாம் காசு கொடுத்து வாங்குகிறோம் என்பது கொஞ்சம் வெட்கம்தான்.

சூப் கட்டிகளுக்கு மாற்று கொஞ்சம் மெனக்கெட வேண்டியது, ஆனால் மெனக்கெட்டதற்குப் பலன் உண்டு. வெங்காயம், கேரட், செலரி, தக்காளி, கொஞ்சம் பூண்டு, ஏதாவது கீரைத் தண்டு, கையில் இருப்பது எதுவானாலும் 400 கிராம், அதோடு 100 கிராம் உப்பு. பச்சையாகவே விழுதாக அரைத்துக் கண்ணாடிப் பாட்டிலில் அடைத்து ஃப்ரிட்ஜில் வைத்தால் மாதக்கணக்கில் இருக்கும். அவ்வளவு உப்பா என்று பதறாதீர்கள். அந்த உப்புதான் இங்கே காவல், உப்பைக் குறைத்தால் ஆயுளும் குறையும். ஒரு பாத்திரம் சூப்புக்கு ஒரு ஸ்பூன் போட்டுவிட்டு வேறு உப்பு போடாமல் ருசி பாருங்கள். ஃப்ரீசரில் வைத்தால் இது கல்லாக உறையாது, அப்படியே ஸ்பூனால் வழிக்கலாம்.

பூண்டு எண்ணெய் பற்றி மட்டும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். பச்சைப் பூண்டையோ மூலிகையையோ எண்ணெயில் போட்டு அழகான பாட்டிலில் ஜன்னலோரம் வைக்கும் படங்கள் நிறையப் பார்த்திருப்பீர்கள். பூண்டு மண்ணுக்குள் விளைவது, புளிப்பு இல்லாதது, எண்ணெய்க்குள் காற்றும் இல்லை. போட்டுலிசம் என்ற நோயைத் தரும் பாக்டீரியாவுக்கு இதைவிட வசதியான இடம் கிடையாது. அது உண்டாக்கும் நஞ்சு நரம்பைச் செயலிழக்கச் செய்யும், வாடையிலோ நிறத்திலோ காட்டிக்கொடுக்கவும் செய்யாது. செய்தால் கொஞ்சமாகச் செய்து, உடனே ஃப்ரிட்ஜில் வைத்து, நாலு நாளுக்குள் தீர்த்துவிடுங்கள். மிச்சத்தை ஃப்ரீசரில் போடலாம். முட்டை மயோனைஸும் இப்படித்தான்: பச்சை முட்டை என்பதால் அன்றன்றைக்குச் செய்து தீர்ப்பதே சரி, கர்ப்பிணிகளுக்கும் சின்னக் குழந்தைகளுக்கும் வேண்டாம்.

வீடு துடைக்க, கழுவ

இந்தப் பகுதிக்கு அலமாரியில் நாலு சாமான் போதும்: 5 சதவீத வெள்ளை வினிகர், சமையல் சோடா, சிட்ரிக் அமிலம், சாதாரண சோப்பு. அமிலம் உப்புப் படிவைக் கரைக்கும். சோடா காரம், அது லேசான பிசுக்கைத் தளர்த்தும், தேய்க்கும்போது மென்மையான உரைப்பொடியாகவும் உதவும். சோப்பு எண்ணெயைத் தண்ணீரோடு சேர்த்து அனுப்பிவிடும். எந்தக் கறைக்கு எது என்று இதிலிருந்தே புரிந்துவிடும்.

இந்தத் துறையில் அதிகம் பரவிய தப்பு, சோடாவையும் வினிகரையும் ஒன்றாகக் கலப்பது. நுரை பொங்குவதைப் பார்த்தால் ஏதோ பெரிய வேலை நடக்கிற மாதிரி இருக்கும். நடப்பது என்னவென்றால் அமிலமும் காரமும் ஒன்றையொன்று தின்றுவிட்டு, கார்பன் டை ஆக்சைடு காற்றில் போய்விட, மிஞ்சுவது லேசான உப்புத் தண்ணீர். பாட்டிலில் அடைத்து மூடினால் வெடிக்கவும் வெடிக்கும். சோடாவால் தேய்த்துக் கழுவிய பிறகு வினிகரால் துடைக்கலாம், அது வேறு. அடைத்துக்கொண்ட குழாய்க்கும் இந்த நுரையை நம்பாதீர்கள். உறிஞ்சு பம்பும், முடியை இழுத்தெடுக்கும் கம்பியும்தான் அங்கே உண்மையான தீர்வு. வினிகரோடு சோப்பைக் கலப்பதும் வீண், சோப்பு திரிந்து வெள்ளைத் திப்பியாக மிதக்கும்.

கெட்டில் அடியில் படியும் வெள்ளைப் படிவுக்குச் சிட்ரிக் அமிலத்தைப் போல் சுலபமானது எதுவும் இல்லை. ஒரு லிட்டர் தண்ணீரில் இரண்டு மேசைக்கரண்டி. தண்ணீர் குளிர்ந்திருக்கும்போதே போட்டுக் கரைத்துவிடுங்கள், கொதிக்கும் நீரில் கொட்டினால் சீறிப் பொங்கும். பிறகு கை பொறுக்காத சூடு வந்ததும் நிறுத்திவிட்டு இருபது நிமிடம் விடுங்கள். படிவிலிருந்து பொடிக் குமிழிகள் சரம் சரமாக ஏறும், உற்றுக் கேட்டால் லேசாகச் சீறும் சத்தம்கூடக் கேட்கும். குமிழி நின்றால் ஒன்று படிவு தீர்ந்திருக்க வேண்டும், இல்லை அமிலம் தீர்ந்திருக்க வேண்டும். வெள்ளை மிச்சமிருந்தால் தண்ணீரை மாற்றி இன்னொரு முறை. கடைசியில் வெறும் தண்ணீரை ஒருமுறை கொதிக்கவைத்துக் கொட்டிவிடுங்கள். குழாய் முனை, ஷவர் துளைகளுக்கு வினிகரை ஒரு பையில் ஊற்றி, அவை முங்கும்படி ரப்பர் பேண்ட் போட்டு அரைமணி நேரம் கட்டித் தொங்கவிட்டால் போதும். இரவு முழுக்க விட்டால் குழாயின் முலாம் மங்கலாம்.

கண்ணாடிக்கு வினிகரும் தண்ணீரும் சமபங்கு. பழைய பருத்தித் துணி ஒன்று ஈரத்துக்கு, ஒன்று காயத் துடைக்க. வெயில் நேராக அடிக்கும் நேரத்தில் செய்தால் துடைப்பதற்குள் காய்ந்து கோடு விழும்.

வினிகரும் சிட்ரிக் அமிலமும் படக்கூடாத இடம் சலவைக்கல், அதாவது மார்பிள். சலவைக்கல்லும் சுண்ணாம்புக்கல்லும் அந்தக் கெட்டில் படிவும் ஒரே பொருள்தான், கால்சியம் கார்பனேட். அங்கே கரைப்பது எதுவோ அது இங்கேயும் கரைக்கும், பளபளப்புப் போய்க் குழியாகும். அந்தத் தரைக்கு மிதமான சோப்புத் தண்ணீர் மட்டும்.

கடுமையான எண்ணெய்ப் பிசுக்குக்குச் சமையல் சோடா போதாது, சலவைச் சோடா வேண்டும். அது கடையில் கிடைக்காவிட்டால் வீட்டிலேயே ஆகும். சமையல் சோடாவைத் தட்டில் மெல்லிசாகப் பரப்பி ஓவனில் 200 டிகிரியில் ஒரு மணி நேரம், நடுவில் ஒருமுறை கிளறிவிட்டு. சூட்டில் நீராவியும் கார்பன் டை ஆக்சைடும் வெளியேறி, எடையில் மூன்றில் ஒரு பங்குக்குமேல் குறைந்துவிடும். வழுவழுவென்று இருந்த பொடி மங்கலாகவும் நெறுநெறுப்பாகவும் மாறியிருந்தால் ஆகிவிட்டது என்று அர்த்தம். இது நல்ல காரம், அதனால் கையுறை போட்டுக்கொள்ளுங்கள். அலுமினியப் பாத்திரம், கம்பளி, பட்டு பக்கம் கொண்டுபோகாதீர்கள்.

கறுத்த வெள்ளிக்கு ஒரு வேடிக்கையான வழி. கிண்ணத்தில் அலுமினியத் தாளை விரித்து, அதன்மேல் வெள்ளியைத் தொடும்படி வைத்து, சமையல் சோடா தூவி வெந்நீர் ஊற்றுங்கள். வெள்ளியின் மேலிருந்த கந்தகத்தை அலுமினியம் பிடுங்கிக்கொள்ளும், லேசாக அழுகிய முட்டை வாடை வரும், கறுப்பு கண்ணெதிரே விலகும். தேய்த்தால் வெள்ளி தேயும், இதில் அந்த இழப்பு இல்லை. முத்தும் கல்லும் பதித்த நகைக்கு மட்டும் இது வேண்டாம்.

உயிருக்கே ஆபத்தான கலவைகள் உண்டு, அவற்றை மனப்பாடமாக வைத்துக்கொள்ளுங்கள். பிளீச்சோடு வினிகரோ எலுமிச்சையோ வேறு எந்த அமிலமோ சேர்ந்தால் குளோரின் வாயு வரும். பிளீச்சோடு அம்மோனியா சேர்ந்தால் குளோரமின் வரும். ஹைட்ரஜன் பெராக்சைடையும் வினிகரையும் ஒரே பாட்டிலில் ஊற்றினால் கண்ணையும் மூச்சுக்குழாயையும் எரிக்கும் வேறொரு அமிலம் உண்டாகும். "இயற்கை" என்ற சொல் இங்கே யாரையும் காப்பாற்றாது. அதேபோல வினிகர் கிருமிநாசினி இல்லை. பச்சை இறைச்சி வெட்டிய பலகை, நோயாளி இருந்த அறை போன்றவற்றை முதலில் சோப்பால் கழுவி, பிறகு பிளீச்சோ 70 சதவீத ஆல்கஹாலோ பயன்படுத்துங்கள். அங்கே கடைப் பொருள்தான் சரி. வாசனைக்காக நறுமண எண்ணெய்களைக் கலப்பவர்கள் வீட்டில் பூனை இருந்தால் இரண்டு முறை யோசியுங்கள், டீ ட்ரீ எண்ணெய் அதற்கு நஞ்சு.

துணி துவைக்கச் சோப்பைத் துருவிச் சோடாவோடு கலக்கும் பொடியை நான் பரிந்துரைக்க மாட்டேன். கடின நீரில் உள்ள கால்சியத்தோடு சோப்பு சேர்ந்து கரையாத பிசினாகி, துணிக்குள்ளும் மெஷினுக்குள்ளும் படியும். கொஞ்ச நாளில் துண்டு தண்ணீரையே உறிஞ்சாது. வாசனையில்லாத டிடர்ஜென்டை வாங்கி, டப்பாவில் எழுதியதைவிடக் குறைவாகப் போட்டுப் பார்ப்பது இதைவிட நல்ல யோசனை.

உடம்புக்கு

உதட்டுக்கும் வெடித்த குதிகாலுக்கும் களிம்பு செய்வது பத்து நிமிட வேலை. எடையில் ஒரு பங்கு தேன்மெழுகு, நாலு பங்கு எண்ணெய். ஆலிவ், பாதாம், தேங்காய், எதுவாயினும் சரி. தேன்மெழுகு 62 - 65 டிகிரியில் உருகிவிடும், எனவே நேரடித் தீ வேண்டாம், வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் கிண்ணத்தை வைத்து உருக்குங்கள். ஊற்றுவதற்கு முன் ஒரு சொட்டைக் குளிர்ந்த ஸ்பூனில் விட்டு, உறைந்ததும் விரலால் தடவிப் பாருங்கள். கல்லாக இருந்தால் எண்ணெய், வழிந்தால் மெழுகு சேர்த்துச் சரிசெய்யலாம். தண்ணீர் துளியும் கூடாது, பாட்டில் ஈரமில்லாமல் இருக்க வேண்டும். தண்ணீர் கலந்த லோஷன் வேண்டுமென்றால் அதற்குப் பதப்படுத்தும் மருந்து போட்டே ஆக வேண்டும், அதனால் அந்த வேலையைக் கடைக்கே விட்டுவிடலாம்.

முகத்தில் எலுமிச்சைச் சாறு தேய்க்காதீர்கள். அது தோலில் இருக்கும்போது வெயில் பட்டால் கொப்பளித்து, மாதக்கணக்கில் கறுப்புத் தழும்பு நிற்கலாம். அக்குளுக்குச் சோடா தடவுவதும் பலருக்கு எரியும், தோல் லேசான அமிலம், சோடா காரம்.

வெயில் காப்புக் களிம்பு, ஃப்ளோரைடு பற்பசை, குழந்தைப் பால்மாவு இந்த மூன்றையும் வீட்டில் செய்யவே வேண்டாம். முதலாவதில் பூசியது சமமாகப் பரவியிருக்கிறதா என்று கண்ணால் சொல்ல முடியாது, சுட்ட பிறகுதான் தெரியும். இரண்டாவதில் சோடாவும் தேங்காய் எண்ணெயும் பல்லைத் துலக்கும், ஆனால் ஃப்ளோரைடு தரும் சொத்தைப் பாதுகாப்பைத் தராது. மூன்றாவதில் சத்தின் அளவு கொஞ்சம் பிசகினாலும் குழந்தையின் உயிரோடு விளையாட்டு. ஒரு வயது ஆகாத குழந்தைக்குத் தேனும் கொடுக்கக் கூடாது, முன்பு சொன்ன அதே போட்டுலிசம்தான் காரணம்.

எதைச் செய்தாலும் பாட்டிலில் பெயரையும் செய்த தேதியையும் எழுதி ஒட்டுங்கள். வெள்ளைப் பொடிகள் எல்லாம் ஒன்று போலவே இருக்கும், சலவைச் சோடாவைச் சமையல் சோடா என்று நினைத்துக் கேக்கில் போட்டுவிட முடியும். துடைக்கும் திரவங்களைக் குடிநீர் பாட்டிலிலோ ஜூஸ் பாட்டிலிலோ ஒருபோதும் ஊற்றி வைக்காதீர்கள், குழந்தைகளுக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள்.